பவுடரண்ணன் மறைத்த வெள்ளை

தொலைக்காட்சி நிலையத்தில் அவருக்குப் பவுடரண்ணன் என்று பேர். வாயிற்காவலர் முதல் தலைமைச் செய்தி ஆசிரியர் வரைக்கும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். வருகைப் பதிவேட்டில் வேறு ஏதோ ஒரு பேர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். இருபத்தாறு வருஷமாக அங்கே மேக்கப் போடுகிறார். காலைச் செய்தி வாசிக்க வருகிறவர்களின் வீங்கிய கண், அழுத கண், சவரத்தில் வெட்டுப்பட்ட தாடை எல்லாம் அவர் கைக்குள் அடக்கம். யாருக்கு எங்கே தழும்பு என்று அவருக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது. அதுதான் அவர் தொழில்.

ஜன்னல் இல்லாத சின்ன அறை. கண்ணாடியைச் சுற்றி எட்டு பல்பு, அதில் இரண்டு எரியாது. சாய்ந்தால் கிரீச்சிடுகிற நாற்காலி ஒன்று. மேசை மேல் பஞ்சு, பிரஷ், பழுப்பும் மஞ்சளும் சிவப்புமாகக் குட்டி குட்டி டப்பாக்கள். "முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறமா இருந்தா அது மேக்கப் இல்ல, சுவத்துக்கு வெள்ளையடிக்கிற வேலை" என்பார். மேக்கப் போட்டது தெரியக் கூடாது. தெரிந்துவிட்டால் போட்டவனுக்கு வேலை தெரியவில்லை என்று அர்த்தம். இந்த விஷயத்தில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருக்கட்டுமே, வேலை தெரிந்தவனுக்குத் தலைக்கனம் இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

அடுத்தவர் முகத்தில் கடுகளவு புள்ளி வந்தாலும் கண்டுபிடித்துவிடுகிற இந்த மனுஷர், தன் இடது உள்ளங்காலில் மிளகளவு கறுப்பு வந்ததை ஒன்றரை வருஷம் கண்டுகொள்ளவில்லை. நாளெல்லாம் நிற்கிற வேலை, கால் ஆணியாக இருக்கும் என்று நினைத்தார். மருந்துக் கடையில் கால் ஆணிப் பட்டை வாங்கி ஒட்டினார். அது உதிர்ந்தால் இன்னொன்று ஒட்டினார். ஒரு நாள் அவர் நடந்த தரையில் ரத்தத் துளிகளைப் பார்த்த மனைவி, "என்னங்க இது, வீடெல்லாம் முத்திரை குத்திட்டுப் போறீங்க?" என்று கத்தின பிறகுதான் ஆஸ்பத்திரிப் பக்கம் போனார்.

அது கால் ஆணி இல்லை. தோலுக்குக் கறுப்பு நிறம் கொடுக்கிற செல்களில் வருகிற புற்றுநோய். உள்ளங்காலில் ஒரு துண்டை வெட்டி எடுத்தார்கள். ஆறு மாதத்தில் தொடை இடுக்கில் நெறி கட்டியது, அதையும் எடுத்தார்கள். அடுத்த வருஷம் நுரையீரலில் மூன்று பொட்டுகள் தெரிந்தன. கத்தி போக முடியாத இடம் என்றார்கள். அன்றைக்குத்தான் பவுடரண்ணனுக்கு முதன்முதலாக ஈரக்குலை நடுங்கியது. அதுவரைக்கும் மனைவி பயப்படுவாள், இவர் தைரியம் சொல்வார். அன்றிலிருந்து இரண்டு பேருமே பயந்தார்கள், ஒருவருக்கொருவர் தெரியாமல்.

வழக்கமாகக் கொடுக்கிற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்றாவது முறை ஏற்றியதும் வயிற்றுப்போக்கு பிடித்துக்கொண்டது, ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை. அவர் ஒளிவு மறைவு இல்லாமல் வைத்தியம் பார்க்கிற டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னார். டாக்டரம்மா அன்றைக்கே மருந்தை நிறுத்திவிட்டார். குடல் புண்ணாகிவிட்டது, இனிமேல் இதைக் கொடுத்தால் மருந்தே ஆளைக் கொன்றுவிடும் என்றார். டாக்டரம்மா செய்தது சரிதான், குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பவுடரண்ணன் மனதில் அது வேறு மாதிரிப் பதிந்துவிட்டது. உண்மையைச் சொன்னோம், மருந்து போயிற்று. வாயை மூடிக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தால் இன்னும் நாலு பாட்டில் உள்ளே போயிருக்குமோ என்னமோ.

பிறகுதான் புது ஊசியைப் பற்றிச் சொன்னார்கள். இன்னும் சோதனையில் இருக்கிற தடுப்பூசி. நோய் வருவதற்கு முன்னால் போடுகிறது இல்லை. வந்த நோயை உடம்பையே விரட்டச் சொல்கிற ஊசி. எல்லோருக்கும் போட முடியாதாம். ரத்தப் பிரிவு மாதிரி உடம்புக்கு இன்னொரு பிரிவும் இருக்கிறதாம், அது பொருந்த வேண்டுமாம். பவுடரண்ணனுக்குப் பொருந்தியது. அந்தத் தகவல் வந்த அன்று அவர் மேக்கப் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஐந்து நிமிஷம் அழுதார். பிறகு தன் கண்ணுக்குத் தானே மேக்கப் போட்டுக்கொண்டு வேலைக்கு உட்கார்ந்தார்.

ஊசியின் சமாச்சாரத்தை விளக்கிச் சொன்னவர் சோதனைப் பிரிவில் இருக்கிற நர்ஸ். பொறுமைசாலி. மனைவியும் கூட உட்கார்ந்து கேட்டாள். அவள் சீருடை தைக்கிற கூடத்தில் தையல் வேலை பார்க்கிறவள். கேள்வி கேட்காமல் எதையும் வாங்கி மடியில் வைத்துக்கொள்ள மாட்டாள்.

"எதிர்ப்பொருள்னு ஒண்ணு இருக்கு அண்ணா. உடம்பு தானே செய்யற சாமான்தான். கிருமி வந்தா அது மேல போய் ஒட்டிக்கும்" என்றார் நர்ஸ். "இவங்க என்ன பண்ணியிருக்காங்கன்னா, அதோட நுனியில கொஞ்சத்தை வெட்டிட்டு, அந்த இடத்துல உங்க கட்டியில இருக்கற மாதிரி ஒரு துணுக்கை வச்சிருக்காங்க."

"ஒட்டுத் துணி வச்சுத் தைக்கறாங்க" என்றாள் மனைவி.

"அதேதான் அக்கா. இது உள்ள போனதும் உடம்புல இருக்கற காவக்கார செல் இதைப் பிடிச்சுக்கும். டி செல்னு ஒரு கூட்டம் இருக்கு, அதுங்கதான் அடியாளுங்க. காவக்காரன் அந்தத் துணுக்கை அதுங்ககிட்ட காட்டுவான். இதைப் பார்த்துக்கோ, இது எங்க இருந்தாலும் விடாதேன்னு."

"மோப்ப நாய்க்குத் திருடன் சட்டையைக் காட்டற மாதிரி" என்றார் பவுடரண்ணன். தானும் ஏதாவது சொல்ல வேண்டுமே.

"ஆமாண்ணா. வைரஸுக்கும் இதே மாதிரி செஞ்சு பார்த்துட்டிருக்காங்க. துணுக்கை மட்டும் மாத்திட்டா போதும்."

இருபத்து மூன்று பக்கத்தில் ஒரு சம்மதப் படிவம் கொடுத்தார்கள். பவுடரண்ணன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்தார். பதினேழாம் பக்கத்தில், "தோலின் நிறத்தில் மாற்றம் ஏற்படலாம், ஏற்பட்டால் உடனே தெரிவிக்கவும்" என்று இருந்தது. அதற்கு அடுத்த பத்தியில், "பக்க விளைவு கடுமையானால் தடுப்பூசி நிறுத்தப்படும்" என்று இருந்தது. இரண்டும் வேறு வேறு பத்தி, வேறு வேறு சங்கதி. ஒரு தடவை மருந்து பறிபோனவர் கண்ணுக்கு அவை இரண்டும் ஒரே வாக்கியமாகத்தான் தெரிந்தன.

மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி. உண்மையில் ஊசியே இல்லை. துப்பாக்கி மாதிரி ஒரு கருவியை மேல்கையில் வைத்து அழுத்துவார்கள். டப்பென்று ஒரு சத்தம், மருந்து தானாகத் தோலைத் துளைத்துக்கொண்டு போகும். இரண்டு நாள் காய்ச்சல் அடிக்கும், கை கனக்கும். அவ்வளவுதான். மூன்று ஊசி நல்லபடியாகப் போயிற்று.

மூன்றாவது ஊசி போட்ட மறு வாரம், காலை ஐந்தரை மணிக்கு, எரிகிற ஆறு பல்பு வெளிச்சத்தில் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தார். இடது புருவத்தின் வால் பக்கம் அரிசி அளவுக்கு வெள்ளை. பவுடர் ஒட்டியிருக்கிறது என்று துடைத்தார். போகவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்தார். எண்ணெய் தொட்டுத் துடைத்தார். தோலே வெளுத்திருந்தது. அதன் மேல் இருந்த நாலு புருவ முடியும் நரைத்திருந்தது.

பதினேழாம் பக்கம் அப்படியே கண் முன்னால் வந்து நின்றது. தெரிவிக்க வேண்டும். தெரிவித்தால் நிறுத்துவார்கள். நிறுத்தினால் நுரையீரலில் இருக்கிற மூன்று பொட்டுகளுக்கும் கேட்பார் கிடையாது. வெளியே செய்தி வாசிக்கிற பெண், "பவுடரண்ணா, நேரமாச்சு" என்று கதவைத் தட்டினாள். அவர் ஒரு டப்பாவைத் திறந்தார். பழுப்பில் ஒரு துளி, மஞ்சளில் ஒரு துளி, சிவப்பில் ஊசி முனை அளவு. மோதிர விரலால் தொட்டு மூன்று தடவை தட்டினார். வெள்ளை போய்விட்டது. "வாம்மா உள்ள" என்றார்.

இப்படித்தான் ஆரம்பித்தது.

ஒரு பொய்க்குத் துணையாக ஒன்பது பொய் சொல்ல வேண்டும் என்பார்கள். வெள்ளைக்கும் அதே கணக்குதான். அடுத்த வாரம் உதட்டோரத்தில் ஒன்று. அதற்கடுத்து வலது கை விரல் முட்டிகளில் மூன்று. தாடையில், நெஞ்சுக்குழியில், காதுக்குப் பின்னால். வேலையில் மெல்லிய கையுறை மாட்டிக்கொண்டார். "ஊரெல்லாம் கிருமி, உங்க நல்லதுக்குத்தான்" என்று கேட்டவர்களிடம் சொன்னார். வெள்ளை விழுந்த கையை எந்தச் செய்தி வாசிப்பாளர் தன் முகத்தில் தொட விடுவார் என்கிற பயம் ஒரு பக்கம். ஆனால் அது சின்னப் பயம். வேலை போனால் பிழைத்துக்கொள்ளலாம். ஊசி போனால் பிழைப்பது எங்கே?

வீட்டிலும் மறைத்தார். மனைவி எழுந்திருப்பதற்கு முன்னால் எழுந்து குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார். அரை மணி நேரம் கழித்துச் சந்தனச் சிலை மாதிரி வெளியே வருவார். முழுக்கைச் சட்டையைக் கழற்றுவதே இல்லை. ஒரு நாள் துண்டில் பழுப்புக் கறையைப் பார்த்துவிட்டு மனைவி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஐம்பத்து மூணு வயசுல யாருக்குங்க இந்த அலங்காரம்?"

"பொண்டாட்டிக்குத்தான்."

"பொண்டாட்டி உங்களை ஏற்கெனவே பார்த்துத் தொலைச்சாச்சு. யாராவது புதுசா பார்க்க வேண்டியிருக்கா?"

"அந்த அளவுக்கு எனக்கு ஏது தெம்பு? முகம் செத்துப் போன மாதிரி இருக்குன்னு ஆபீஸ்ல சொல்றாங்க. கொஞ்சம் பூசிக்கறேன்."

'செத்துப் போன' என்ற சொல் வாயிலிருந்து விழுந்ததும் அவள் முகம் மாறிவிட்டது. துண்டை வாளியில் போட்டு ஊற வைத்தாள். அதற்கப்புறம் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்கிறார்கள். பயந்த வீட்டில் முடியும். அங்கே பூசணிக்காய் தெரிந்தாலும் யாரும் கிளறிப் பார்க்க மாட்டார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில்தான் பாடு. நாலாவது ஊசிக்கும், ஐந்தாவதுக்கும், ஆறாவதுக்கும் நர்ஸ் அதே படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு அதே கேள்விகளைக் கேட்டார். காய்ச்சல்? மூட்டு வலி? பார்வை மங்கல்? "தோல்ல ஏதாவது மாற்றம் இருக்கா அண்ணா?"

"ஒண்ணுமில்ல சிஸ்டர்."

நர்ஸ் குழல் விளக்கு வெளிச்சத்தில் அவர் முகத்தைப் பார்ப்பார். பவுடரண்ணனின் முதுகில் வியர்வை ஓடும். முகத்தில் மட்டும் வியர்க்கக் கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொள்வார். நர்ஸ் 'இல்லை' என்ற கட்டத்தில் குறி போடுவார். மூன்று தடவையும் போட்டார். மூன்று தடவையும் பவுடரண்ணனுக்கு உயிர் போய்த் திரும்பி வந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அந்தப் பயத்துக்கு நடுவிலும் உள்ளே ஒரு ஓரத்தில், இத்தனை வெளிச்சத்தில் ஒரு நர்ஸால் கண்டுபிடிக்க முடியவில்லையே என்று சின்னதாக ஒரு பெருமையும் இருந்தது. மனுஷ ஜன்மம் அப்படி.

ராத்திரி படுத்தால் அது பாட்டுக்குப் பயம் வரும். உடம்பு முழுக்க வெளுத்துக்கொண்டே போகிறதே, இது எங்கே போய் நிற்கும்? இருமினால் பயம், இருமாவிட்டால் அடக்கி வைக்கிறோமோ என்று பயம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவருக்கு வெளுத்ததெல்லாம் பேய்.

ஆறாவது ஊசிக்குப் பிறகு ஸ்கேன் எடுத்தார்கள். முடிவைக் கேட்க ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு மனைவியோடு போனார். டாக்டரம்மாவின் அறை சின்னது. மேசை மேல் கணினி, பக்கத்தில் தண்ணீர் பாட்டில், சுவரில் நுரையீரல் படம். நர்ஸ் கோப்போடு மூலையில் நின்றார். டாக்டரம்மா திரையைத் திருப்பிக் காட்டவில்லை. அதிலேயே பவுடரண்ணனுக்குப் பாதி விஷயம் தெரிந்துவிட்டது.

"பொட்டுங்க பெருசாயிருக்கு" என்றார் டாக்டரம்மா. "மூணும்."

மனைவி அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இதுக்கு ரெண்டு அர்த்தம் இருக்கலாம். நோய் வளருது. இல்லேன்னா ஊசியால கிளம்பின டி செல்லுங்க அங்க போய்க் கூட்டமா மொய்ச்சுட்டு இருக்கு. கூட்டம் சேர்ந்தாலும் ஸ்கேன்ல வீங்கினாப்பலதான் தெரியும். ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்த்தா தெரிஞ்சுடும். ஆனா உங்களுக்கு இருக்கற இடம் பெரிய ரத்தக் குழாய் பக்கத்துல. எடுக்க முடியாது."

"அப்போ எப்படித் தெரிஞ்சுக்கறது டாக்டர்?" மனைவிதான் கேட்டாள்.

டாக்டரம்மா கோப்பை வாங்கிப் புரட்டினார். "ஊசி வேலை செய்யுதுன்னு வேற ஏதாவது அறிகுறி இருக்கணும். சில பேருக்குத் தோல் வெள்ளை வெள்ளையா திட்டு விழும். இந்தப் புற்றுநோய் நிறம் கொடுக்கற செல்லுல வர்றது இல்லையா? அதைத் தேடிக் கிளம்பின டி செல்லுங்க, அதே சட்டை போட்ட நல்ல செல்லையும் சேர்த்து அடிச்சிடும். தோல் வெளுக்கும். பார்க்க நல்லா இருக்காது, ஆனா எங்களுக்கு அது நல்ல சேதி. உள்ள ஆள் கிளம்பியாச்சுன்னு அர்த்தம்." ஒவ்வொரு படிவமாகத் தள்ளினார். "உங்களுக்கு ஒண்ணுமே இல்ல. இல்லை, இல்லை, இல்லைன்னே இருக்கு. அதனால நோய்தான் வளருதுன்னு எடுத்துக்க வேண்டியிருக்கு. ஊசியை இன்னியோட நிறுத்திடலாம்."

பவுடரண்ணனுக்குக் காது அடைத்துக்கொண்டது. எதைச் சொன்னால் ஊசி போய்விடும் என்று இரண்டு மாதமாகப் பூசி மெழுகினாரோ, அதைச் சொல்லாததால் போகப் போகிறது. எழுந்தார். "ஒரு நிமிஷம்" என்றார். தோள்பையோடு வெளியே போனார். அவர் அழப் போகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அங்கேயே, அந்த நாற்காலியிலேயே, பஞ்சு கேட்டுத் துடைத்திருக்க வேண்டும். புத்தி கெட்ட மனுஷர். மனைவி முன்னால் முகத்தைத் திறந்து காட்ட அவருக்குக் கூச்சமும் பயமும். கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுச் சோப்புப் போட்டுத் தேய்த்தார். பையிலிருந்த எண்ணெயை எடுத்துத் தேய்த்தார். அவசரத்தில் பாதி எண்ணெய் சட்டையில் கொட்டியது. பத்து நிமிஷம் கழித்து, முகத்தில் தண்ணீர் சொட்டச் சொட்டத் திரும்பி வந்து நின்றார். புருவம் ஒன்று பாதி வெள்ளை. உதட்டைச் சுற்றி வெள்ளை. நீட்டின கையில் முட்டிக்கு முட்டி வெள்ளை.

"இருக்கு டாக்டர்" என்றார். "எனக்கு இருக்கு. பாருங்க."

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டார். மனைவி அவரைப் பார்த்தாள், யாரோ அந்நிய ஆளைப் பார்க்கிற மாதிரி. டாக்டரம்மா அவர் முகத்தையும் பார்த்தார், தோளில் தொங்குகிற பையையும் பார்த்தார்.

"உங்களுக்கு என்ன வேலைன்னு சொன்னீங்க?" என்றார் மெதுவாக.

பவுடரண்ணனுக்கு விஷயம் புரிய இரண்டு விநாடி ஆயிற்று. வெள்ளை இருந்தால் நல்லது என்று டாக்டரம்மா சொல்கிறார். மேக்கப்காரர் பையோடு வெளியே போகிறார். வெள்ளையோடு திரும்பி வருகிறார். பனை மரத்தடியில் உட்கார்ந்து பாலைக் குடித்துவிட்டு, பால்தான் என்று சத்தியம் செய்தால் எந்தப் பைத்தியம் நம்பும்?

"பையில என்ன இருக்கு?"

திறந்து காட்டினார். டப்பாக்கள். ஒன்றில் வெள்ளையும் இருந்தது.

"ரெண்டு மாசமா இருக்கு டாக்டர். நான்தான் மறைச்சேன். சொன்னா ஊசியை நிறுத்திடுவீங்கன்னு..." கையைத் திருப்பிக் காட்டினார். "போன மருந்தை அப்படித்தானே நிறுத்தினீங்க? இது என் தோல் டாக்டர். நான் போட்டுக்கல."

டாக்டரம்மா மனைவி பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. இதை வீட்டுல பார்த்திருக்கீங்களா?"

அவள் பொய் சொல்லத் தெரியாதவள். அதுவும் ஆஸ்பத்திரியில், டாக்டர் முன்னால். "காலையில கூட இல்லையே டாக்டர்" என்றாள். சொல்லி முடித்ததும்தான் தான் என்ன சொல்லிவிட்டோம் என்று புரிந்தது போல அவர் கையைப் பிடித்தாள். "என்னங்க, நிஜத்தைச் சொல்லுங்க. நீங்க போட்டுக்கிட்டீங்களா? போட்டுக்கிட்டிருந்தா சொல்லிடுங்க. நான் கோபப்பட மாட்டேன்."

இருபத்தாறு வருஷத்தில் அவர் போட்ட மேக்கப்பைப் பார்த்து, இது மேக்கப்தானே என்று ஒருவர் கூடச் சந்தேகப்பட்டதில்லை. இன்றைக்கு ஒன்றுமே போடாத முகத்தைப் பார்த்து, கட்டின மனைவி சந்தேகப்படுகிறாள். சாவு பயம் என்றால் என்ன என்று தனக்குத் தெரியும் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். இல்லை. உயிரோடு நின்று உண்மையைச் சொல்லும்போது எதிரே இருக்கிற ஆறு கண்ணில் ஒரு கண்ணும் நம்பாமல் பார்க்கிறதே, அதுதான் பயம்.

"தேய்ங்க" என்றார் நர்ஸிடம். "எதை வேணா போட்டுத் தேய்ங்க சிஸ்டர். தோல் உரிஞ்சாலும் பரவால்ல."

நர்ஸ் பஞ்சில் ஸ்பிரிட் ஊற்றித் தேய்த்தார். உதடு எரிந்தது. பஞ்சில் பழுப்புதான் வந்தது, காதோரத்தில் மிச்சமிருந்த பழுப்பு. வெள்ளை வரவில்லை. தேய்க்கத் தேய்க்க நர்ஸின் கை வேகம் குறைந்தது. "டாக்டர், இது போகல" என்றார். டாக்டரம்மாவை நிமிர்ந்து பார்க்கவில்லை. மூன்று படிவத்தில் குறி போட்டவர் அவர்தானே.

டாக்டரம்மா எழுந்தார். "விளக்கு ரூமுக்கு வாங்க."

தோல் பிரிவில் ஜன்னலே இல்லாத ஓர் அறை. நாலு பேரும் உள்ளே போய்க் கதவைச் சாத்தினதும் கண்ணைக் குத்தினாலும் தெரியாத இருட்டு. டாக்டரம்மா கையில் பிடிக்கிற ஒரு விளக்கைப் போட்டார். ஊதா வெளிச்சம். "நிஜமாவே நிறம் செத்த தோல்னா இதுல பளிச்சுன்னு தெரியும். பூசினதுன்னா வேற மாதிரி இருக்கும்" என்றார். "கையை நீட்டுங்க."

நீட்டினார். கை என்று ஒன்றே தெரியவில்லை. இருட்டில் நீல வெள்ளையாகத் திட்டுத் திட்டாக ஒளிர்ந்தது மட்டும் தெரிந்தது. முட்டிகளில் மூன்று என்று அவர் எண்ணி வைத்திருந்தார். இப்போது பார்த்தால் விரல் நுனிகளில், மணிக்கட்டில், முழங்கை வரைக்கும் சின்னதும் பெரிதுமாக இறைந்து கிடந்தது. இன்னும் கண்ணுக்குத் தெரியாதவை, இனிமேல் வெளுக்கப் போகிறவை. சுவரில் ஒரு சின்னக் கண்ணாடி இருந்தது. அதில் பார்த்தார். புருவமும் வாயும் தாடையும் மட்டும் ஒளிர்கிற ஒரு முகம், நடுவில் இருட்டு. தன் முகம்தான் என்று தெரிந்தும் ஒரு அடி பின்னால் போனார்.

டாக்டரம்மா விளக்கை முகத்தருகே கொண்டு வந்தார், விலக்கினார், மறுபடி கொண்டு வந்தார்.

"மன்னிச்சுக்குங்க" என்றார். "நிஜம்தான்."

"ஊசி?"

"பொறுங்க. இது உத்தரவாதம் இல்ல. இது இருந்தும் பிழைக்காதவங்க இருக்காங்க. நான் ஓரத்துல ஒரு துளி தோல் எடுத்து அனுப்பறேன். கண்ணையும் சோதிக்கணும், கண்ணுக்குள்ளயும் நிறம் இருக்கு. எட்டு வாரம் கழிச்சு மறுபடி ஸ்கேன். அதுவரைக்கும் ஊசியை நிறுத்த வேண்டாம்னு சோதனை நடத்தறவங்களுக்கு எழுதறேன். அவங்க ஒத்துக்குவாங்கன்னுதான் நினைக்கறேன்."

"ஏன் சிஸ்டர், இது நல்ல சேதின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள் மனைவி இருட்டில்.

"சொன்னா, வராதவங்க பயந்துடறாங்க அக்கா" என்றார் நர்ஸ். "தினம் கண்ணாடி முன்னால நின்னு தேடுவாங்க. அதனால சொல்றதில்ல."

எட்டு வாரம். பவுடரண்ணன் அதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். நிம்மதி வரும் என்று காத்திருந்தார், வரவில்லை. பயம்தான் வந்தது, ஆனால் பழைய பயம் இல்லை. இத்தனை நாள் வெள்ளை பரவுகிறதே என்று பயந்தார். இப்போது போதுமான அளவு பரவவில்லையோ என்று பயந்தார். கையில் இருக்கிறது, முகத்தில் இருக்கிறது, அது போதுமா? உள்ளே கிளம்பினவை நூறா, பத்தா? நுரையீரல் வரைக்கும் போயிருக்கிறதா, தோலோடு நின்றுவிட்டதா? சட்டைப் பொத்தான்களை அவிழ்த்தார். கடைசிப் பொத்தான் தெறித்து எங்கேயோ விழுந்தது. சட்டையைக் கழற்றி மனைவி கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி நின்றார்.

"முதுகைப் பாருங்க" என்றார். "முதுகு எனக்குத் தெரியாது. அங்க இருக்கா?"

விளக்கு அவர் பின்னால் நகர்ந்தது. ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். பிறகு மனைவியின் விரல், ஐஸ் மாதிரிச் சில்லிட்ட விரல், தோள்பட்டைக்குக் கீழே பட்டது.

"இங்க ஒண்ணு இருக்கு" என்றாள். அழுதுகொண்டிருந்தாள். விரல் நகர்ந்தது. "இங்க ஒண்ணு. பெருசா."

"இன்னும் பாரு" என்றார் பவுடரண்ணன். "இன்னும் கீழ பாரு."